கடைசியில் எழுத வேண்டிய பெயர்

எனக்கு ஊக்கம் கொடுக்க வருகிறவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும். "மனம் வைச்சால் ஏலாதது ஒண்டும் இல்லை" என்று தொடங்குவார்கள். நானும் மனத்தை வைக்கத்தான் செய்கிறேன். காலையில் ஒரு வேலையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவேன். திரும்பி வந்து பார்த்தால் அது அங்கே இருக்காது. தேடிப் பிடிப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். இதைச் சொன்னால் சோம்பல் என்கிறார்கள். சோம்பேறிக்கு நிம்மதியாவது இருக்கும். நான் நாள் முழுக்க ஓடி ஓடி வேலை செய்துவிட்டு, பொழுதுபடும்போது திரும்பிப் பார்த்தால் ஒன்றுமே முடிந்திருக்காது. இந்தக் களைப்பை யாருக்குச் சொல்லி விளங்கவைப்பது?

என் தொழில் பைபர் படகு திருத்துவது. திருகோணமலையில், உட்துறைமுகத்தின் கரையோரம், தகரம் போட்ட ஒரு கொட்டில் இருக்கிறது. வாடைக்காற்று வீசி வெளிக்கடல் குழம்பிக் கிடக்கும் மாதங்களில் படகுகள் கரையேறும். அடியில் வெடித்தவை, விளிம்பு உடைந்தவை, எஞ்சின் பூட்டும் பலகை ஆடுகிறவை எல்லாம் என்னிடம் வரும். கடல் தணிவதற்குள் திருத்திக் கொடுத்துவிட வேண்டும். சொல்வதற்கு எவ்வளவு இலகுவாக இருக்கிறது, பாருங்கள்.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது ரெசின் பூசுவது. ரெசினுக்குள் ஹாட்னரைக் கலந்துவிட்டால் அது இறுகத் தொடங்கிவிடும். அதற்குள் கண்ணாடி நார் விரிப்பை, நாங்கள் மெற் என்று சொல்வதை, வெடிப்பின்மேல் போட்டு, தூரிகையால் ஊறவைத்து, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றியாக வேண்டும். தாமதித்தால் கோப்பையோடு கல்லாகிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் கப்பல் ஊதினாலும் எனக்குக் கேட்காது. மனிதர்கள் அவசரப்படுத்தினால் எனக்குக் கோபம் வரும். ரெசின் அவசரப்படுத்தினால் ஏனோ சந்தோஷமாக இருக்கும்.

கரைச்சல் எல்லாம் தேய்ப்பதில்தான். ஒரு படை மெற் போட்டுக் காயவிட்டு, அதைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் அடுத்த படை போட வேண்டும். மறுபடியும் காயவிட்டு, மறுபடியும் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது எதுவுமே நடக்காது. தூசி பறக்கும், உடம்பெல்லாம் அரிக்கும், அவ்வளவுதான். பாதியில் தலையை நிமிர்த்தினால் வேலிக்குள்ளால் மான்கள் வந்து நிற்கும். எங்கள் நகரத்து மான்களுக்கு மனிதரைக் கண்டு பயம் கிடையாது. ரெசின் தகரத்துக்குள் வாயை வைத்துவிடுமோ என்று விரட்டப் போவேன். போன இடத்தில் வேலிக் கம்பி அறுந்து கிடப்பது தெரியும். அதைக் கட்டக் குறடு தேடுவேன். குறடு கிடந்த பெட்டிக்குள் நெடுநாளாகத் தேடிய வேறொரு சாமான் அகப்படும். அன்றைய தேய்ப்பு அதோடு சரி.

என் வேலையில் குறை என்று யாரும் சொன்னதில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "கை நல்ல கை, ஆனால் ஆளை நம்பேலாது" என்பதுதான் கரை முழுக்க எனக்குக் கிடைத்திருக்கும் நற்சான்றிதழ். ஒவ்வொருவராகக் கிண்ணியாப் பக்கம் ஒரு வேலைத்தலத்துக்குப் படகைக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். அங்கே சொன்ன நாளில் கொடுக்கிறார்களாம். கடைசியில் ஒருவன்தான் மிஞ்சினான், என் மச்சான்.

அவன் என் மனைவியின் அண்ணன். அதற்கு முன்பே என் வகுப்புத் தோழன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். நான் கேள்வியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே யன்னலுக்கு வெளியே போய்விடுவேன் என்பது அவனுக்கு அப்போதிருந்தே தெரியும். காலால் உதைத்துத் திருப்பிக் கூப்பிடுவான். இப்போது நிலாவெளியில் கடல்தொழில் செய்கிறான். இருப்பது ஒரே ஒரு படகு. கரையில் கட்டியிருந்தபோது பெரிய அலையொன்று தூக்கி, இன்னொருவருடைய நங்கூரத்தின்மேல் போட்டதில் அடிப்பக்கம் நீளமாக வெடித்துவிட்டது. அதைத்தான் போன வாடைக்கு என்னிடம் கொண்டுவந்தான். கொண்டுவந்த அன்றே, முகத்தைப் பார்க்காமல், ஒன்று சொன்னான்.

"மச்சான், கோபிக்காதே. கடல் தணிஞ்ச உடன எனக்குப் படகு வேணும். இந்தமுறையும் பிந்தினால் நானும் கிண்ணியாவுக்குத்தான் போக வேண்டி வரும். அங்க எங்கட கரையில பகிடி பண்ணுறாங்கள். உன்ர மச்சானிட்டக் குடுத்தால் அடுத்த வாடைக்குத்தான் வரும் எண்டு."

எனக்குச் சுருக்கென்றது. அவனும் போய்விட்டால் கொட்டிலைப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதைவிட, அவனுக்குமா என்னை நம்ப முடியவில்லை என்பதுதான் வலித்தது. இந்த ஒரு படகை, சொன்ன நாளுக்குள், முழுதாக முடித்துக் காட்ட வேண்டும். அந்த வாடைக்காலம் முழுவதும் எனக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

ஆசைக்கும் கைக்கும் நடுவில் என்ன கோளாறு என்று அறிய என் மனைவிதான் என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவள் முன்பள்ளி ஆசிரியை. வகுப்பில் ஓரிடத்தில் இருக்காத ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பாள். டொக்டர் நிறையக் கேட்டார், பள்ளிக்கூடக் காலம்வரை தோண்டினார். பிறகு ஒரு பெயர் சொன்னார். கவனக்குறைபாடு, அதீத செயற்பாடு, கோளாறு என்று நீண்டுகொண்டே போனது. கவனம் நிற்காதவர்களுக்கு வைத்த பெயரை இவ்வளவு நீளத்துக்கா வைப்பார்கள்? சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்றார். நாற்பதைத் தாண்டிய பிறகு இப்படி ஒரு பெயர் கிடைத்ததில் ஆறுதலா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. என்னை அடித்த ஆசிரியர்களின் முகமெல்லாம் ஒரு தடவை வந்து போனது.

"நேரசூசி போட்டுப் பாத்தனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொன்னாள். "போடுறது நல்லாப் போடுவார் டொக்டர். கலர் எல்லாம் அடிச்சு, அலுமாரியில ஒட்டி வைப்பார். அதோட சரி."

டொக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. "அப்ப அதை விடுங்கோ. உங்களுக்கு இறுக்கமான ஒழுங்கு சரிவராது. வேலையை விளையாட்டு மாதிரி மாத்திப் பாருங்கோ. ஒண்டு சலிச்சால் இன்னொண்டுக்கு மாறுங்கோ. ஆனால் அந்த வேலையை விட்டு வெளிய மட்டும் போகாதேங்கோ" என்றார். மருந்தும் எழுதித் தந்தார்.

விளையாட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனைவிக்குக் கை துருதுருத்தது. வீட்டுக்கு வந்ததும் பழைய லூடோப் பெட்டியிலிருந்து தாயக்கட்டையை எடுத்தாள். கொட்டிலுக்கு வந்து, சரித்து வைத்திருந்த படகின் அடியில் வெண்கட்டியால் கட்டங்கள் கீறி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் போட்டாள். தாயக்கட்டையை உருட்டி எந்த இலக்கம் விழுகிறதோ அந்தக் கட்டத்தைத் தேய்க்க வேண்டும். போனில் ஒரு பாட்டைப் போட்டு, பாட்டு முடிவதற்குள் கட்டத்தை முடித்தால் எனக்கு வெற்றி. ஆறு விழுந்தால் நான் விரும்பியதைச் செய்யலாம். சலித்தால் வேறு வேலைக்கு மாறலாம், ஆனால் அந்த வேலையும் இந்தப் படகில்தான் இருக்க வேண்டும்.

"நல்லாச் செய்தால் நட்சத்திரம் ஒட்டிவிடுவன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. கடலுக்குப் போகும் மனிதர்களின் உயிரைத் தாங்கும் படகைத் திருத்துகிறவன் நான். என்னைப் பால்குடிப் பிள்ளையாக்கிவிட்டாளே என்று கத்தினேன். அவள் வெண்கட்டித் தூசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "பால்குடிப் பிள்ளையள் சொன்னால் கேக்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வெட்கத்தோடு, கொட்டில் கதவைச் சாத்திவிட்டு, தாயக்கட்டையை உருட்டினேன். மூன்று விழுந்தது. பாட்டைப் போட்டுத் தேய்த்தேன். பாட்டு முடிவதற்குள் கட்டம் முடிந்துவிட்டது. நம்ப முடியாமல் மறுபடியும் உருட்டினேன். தேய்ப்பதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருப்பதை வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்டேன். மான்கள் வந்து போயின. வேலி அறுந்தபடியே கிடந்தது. வெடிப்பைச் சுற்றி அரைத்துத் திறந்து, சுத்தம் செய்து, முதல் படை மெற்றையும் போட்டேன். மாலையில் மனைவி வந்து பார்த்துவிட்டு என் சேர்ட் பையில் ஒரு நட்சத்திரத்தை ஒட்டினாள். அதை நான் உரித்து எறியவில்லை.

அப்படியே போயிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. எந்த விளையாட்டும் எனக்குப் பழசாகிப்போகும், அதுதான் என் சாபம். கொஞ்ச நாளில் தாயக்கட்டையைக் கண்டாலே கொட்டாவி வந்தது. பாட்டுகளை மாற்றினோம். பிறகு இடது கையால் தேய்ப்பது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபடி தேய்ப்பது என்று ஏதேதோ செய்தோம். ஒவ்வொன்றும் ஒரு நாள் பிடித்தது, மறுநாள் செத்தது. முதல் படை காய்ந்து, தேய்ப்பதற்குக் காத்துக் கிடந்தது. இன்னும் மூன்று படை அதன்மேல் போக வேண்டும். உள்ளே, தளப்பலகைக்கு அடியிலும் போட வேண்டும். அந்தத் திட்டைப் பார்க்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்து, 'எப்ப?' என்று கேட்பது போலிருக்கும். பார்க்காமல் இருக்கப் படகை மறுபக்கம் சரித்தேன். அந்தப் பக்கத்து விளிம்பில் செய்ய வேலை இருந்ததும் உண்மைதான்.

அந்த வேலை முடிந்த ஒரு மழை மத்தியானம், எதிலும் கை ஓடவில்லை. அடித்தேய்ப்பு என்று நினைத்தாலே எழும்பி வெளியே ஓடத் தோன்றியது. விதி என்ன? சலித்தால் மாறலாம், படகை விட்டுப் போகக் கூடாது. அலுமாரியைத் திறந்தேன். பெயின்ட் தகரங்களைக் கண்டேன். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், பெயர் எழுத வேண்டியிருந்தது. மச்சானின் தாயின் பெயர். பழைய எழுத்து உதிர்ந்துபோயிருந்தது.

தூரிகையை எடுத்தவன் அதன்பிறகு நிமிரவில்லை. நீலத்தில் எழுத்து, அதற்கு மஞ்சளில் நிழல், வெள்ளையில் ஓரக்கோடு, கீழே ஓர் அலை. படகை நிமிர்த்தி, பழைய வண்டி ரயர்களால் முட்டுக்கொடுத்து, இரண்டு பக்கமும் எழுதினேன். அடுத்த நாளும் அதே வேலை. பசிக்கவில்லை, கால் உளையவில்லை. என் கையிலிருந்து இப்படி ஓர் எழுத்து வருமா என்று நானே விலகி நின்று பார்த்தேன். அவ்வளவு வடிவாக வந்திருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி கோப்பையை நீட்டாமல் நின்றாள்.

"பேரை ஏன் இப்ப எழுதினீங்கள்?"

"வேலைதானே. படகிலதானே நிண்டனான். வேலிக்குப் போனனானோ? இல்லையே."

"அதில்ல. பேர் கடைசியிலதானே எழுதுறது. அண்ணா கண்டால் முடிஞ்சுது எண்டெல்லோ நினைப்பார்."

அவள் சொன்னது சரிதான். எங்கள் கரைகளில் படகுக்குப் பெயர் எழுதுவது எல்லா வேலையும் முடிந்த பிறகுதான். "படகு சரியோ?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "பேர் எழுதியாச்சோ?" என்றுதான் கேட்பார்கள். எழுதியாயிற்று என்றால் தேங்காய் உடைத்து, கடலில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். இது எனக்குத் தெரியாததா? ஆனால் ஆசையாகச் செய்த ஒன்றைக் காட்டும்போது குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? "அவன் வாறதுக்குள்ள அடியை முடிச்சிடுவன். நீ போ" என்று எரிந்து விழுந்தேன். தூரிகையில் வெள்ளைப் பெயின்ட் மிச்சம் இருந்தது. அவள் போன பிறகு குனிந்து, அந்த ஒற்றைப் படைத் திட்டின்மேல் வெள்ளையை இழுத்துவிட்டேன். எப்படியும் தேய்க்கும்போது போய்விடும், அதுவரைக்கும் அந்தக் கண்றாவியைப் பார்க்காமலாவது இருக்கலாம் என்று.

சில நாட்களில் மழை விட்டது. கடல் நினைத்ததைவிடக் கெதியாகத் தணிந்தது. அடியைத் தேய்க்கத் தொடங்கிவிடலாம் என்று ஒரு காலை மனம் தானாகவே வந்தது. அப்படி வரும் நாட்களை நான் விடுவதில்லை. பார்த்தால் மெற் போதாது. போனில் பாட்டு ஓடியபடியே கிடக்க, அதை அங்கேயே விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஹாட்வெயார் கடைக்குப் போனேன். கடைக்கார நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், தண்ணி மோட்டார் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "ஓடுதில்ல தம்பி" என்றார். "குடுங்கோ நானா, பாப்பம்" என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து எப்படி வருகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நிலத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் வயிற்றைப் பிரித்து, துரு நீக்கி, பூட்டி, தண்ணி வரும்வரை எழும்பவில்லை. நானா கையெடுத்துக் கும்பிடாத குறை. அடுத்தவர் வேலை என்றால் எனக்கு எவ்வளவு அழகாக முடிகிறது!

மெற் சுருளைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். கொட்டில் வெறுமையாக இருந்தது.

முட்டுக்கொடுத்திருந்த ரயர்கள் மட்டும் கிடந்தன. தண்ணீர் வரைக்கும் மண்ணில் இழுத்த தடம். பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தவர் சந்தோஷமாகக் கத்தினார். "உங்கட மச்சான் வந்தவர். நாங்கள்தான் சேந்து தள்ளிவிட்டம். பேர் நல்ல வடிவாயிருக்கு, ஆர் எழுதினது? நீங்களே?"

எஞ்சின் பலகை பொருந்துகிறதா என்று பார்க்க, அந்த வாரம் ஒரு நாள் எஞ்சினைக் கொண்டுவா என்று நானேதான் அவனிடம் சொல்லியிருந்தேன். அவன் தன்னோடு தொழிலுக்குப் போகும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு, லான்ட்மாஸ்டரில், அந்த இருசில்லு உழவு இயந்திரத்தில், எஞ்சினை ஏற்றி வந்திருக்கிறான். போனில் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய தவறிய அழைப்புகள் இருந்தன. ஒரு குரல்செய்தியும் இருந்தது.

"மச்சான், எங்கயடா நிக்கிறாய்? பேரைக் கண்டன்! எனக்கு என்ன சொல்லுறதெண்டே தெரியேல்ல. நாளுக்கு முந்தியே முடிச்சிட்டு ஒரு சொல்லுச் சொல்லேல்ல, கள்ளன். கடல் நல்லாக் கிடக்கு, நான் இப்பிடியே நிலாவெளிக்கு ஓட்டிக்கொண்டு போறன். லான்ட்மாஸ்டர் உன்ர கொட்டிலடியில நிக்குது. பின்னேரம் வீட்ட வா."

உட்துறைமுகத்துக்குள் கடல் தட்டையாகத்தான் இருக்கும். ஆனால் துறைமுக வாயைத் தாண்டி, கோட்டை முனையைச் சுற்றி வெளியே போனால் அலை அடியில் வந்து அறையும். அந்த அறைதலை ஒற்றைப் படை மெற்றும் என் வெள்ளைப் பெயின்ட்டும் எவ்வளவு நேரம் தாங்கும்? அவனுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. கடலில் போனைப் பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்திருப்பான். எஞ்சின் சத்தத்தில் கேட்காது. மனைவிக்கு அழைத்தேன். பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். சொன்னேன்.

"அண்டைக்கே சொன்னனான்" என்றாள். பிறகு அவள் குரல் உடைந்தது. "போங்கோ. நிண்டு கதைச்சுக்கொண்டிருக்காமல் போங்கோ."

நிலாவெளி வீதியில் அன்று ஓட்டிய மாதிரி நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. பஸ் ஒன்று முன்னால் நின்று நின்று போனது. அதைத் திட்டினேன். டொக்டரைத் திட்டினேன். தாயக்கட்டையை, நட்சத்திரத்தை, நானாவின் தண்ணி மோட்டாரைத் திட்டினேன். படகை விட்டு வெளியே போகாதே என்றாயே, போகவில்லையே, நீ சொன்ன விளையாட்டைத்தானே விளையாடினேன் என்று மனைவியைக்கூடத் திட்டினேன். திட்டித் தீர்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த விளையாட்டின் விதிகள் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். எந்த வேலையை முதலில் செய்தாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்குப் பெயர் என்றால் பெயர்தான். அவன் வேறு எதை நம்புவான்?

நிலாவெளிக் கரையில் கரைவலைக்காரர் வலையை இழுத்து முடித்துவிட்டு இருந்தார்கள். என்னைக் கண்டதும் எழும்பிவிட்டார்கள். என்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று மச்சான் சொன்னவர்கள் இவர்கள்தான்.

"வாங்கோ வாங்கோ! உங்கட மச்சான் வெளிக்கிடேக்கயே போன் எடுத்துச் சொன்னவர். நாளுக்கு முந்தியே முடிச்சுப்போட்டீங்களாம். நாங்கள்தான் உங்களைப் பிழையாக் கதைச்சுப்போட்டம்" என்றார் அவர்களில் மூத்தவர். ஒருவர் முதுகில் தட்டினார். இன்னொருவர் தன்னுடைய படகையும் வந்து பார்க்க வேண்டும் என்றார். எத்தனையோ வருடமாக நான் கேட்க ஏங்கிய பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டே கடலைப் பார்த்தேன்.

"ஒரு படகை இறக்குங்கோ" என்றேன். "அவனை எதிர்கொண்டு போக வேணும்."

"ஏன், என்ன?"

நான் சொல்ல வாயெடுத்தபோது ஒருவர் கடலைக் காட்டினார். படகு வந்துகொண்டிருந்தது. பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கிக்கொண்டு வந்தது. கூடப் போனவர் வெட்டிய பிளாஸ்டிக் கானால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். அணியத்தில் அந்தப் பெயர் வெயிலில் மினுங்கியது. அதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. எல்லோரும் ஓடிப்போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். உள்ளே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

மச்சான் குதித்து இறங்கினான். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தான். அறைவான் என்று நினைத்தேன். அறைந்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவனோ என்னைத் தாண்டி மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான்.

"கல்லில முட்டிப்போட்டன்."

மூத்தவர் சிரித்தார். "நீயோ? கல்லிலயோ? கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுற ஆள், உனக்கோ கல்லுத் தெரியேல்ல?"

"ஓம். பேரைப் பாத்துக்கொண்டே வந்ததில கவனம் பிசகிப்போச்சு" என்றான் அவன்.

கவனம் பிசகியதாம். அவனுக்கு! எல்லோரும் சிரித்தார்கள். புதுப் படகு போலத் திருத்திக் கொடுத்ததை ஒரு நாளிலேயே உடைத்துவிட்டானே என்று என்னைப் பார்த்து அனுதாபப்பட்டார்கள். கூடப் போனவர் மட்டும் கானைக் கையில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தார். நான், "இல்ல, கல்லில்ல..." என்று தொடங்கினேன். மச்சான் என் தோளை இறுக்கிப் பிடித்து, அணியப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினான்.

"வாயை மூடு. உன்னைக் காப்பாத்தவெண்டு நான் சொல்லேல்ல. முனையைத் தாண்டேக்க தண்ணி வரத் தொடங்கினதும் எனக்கு விளங்கிட்டுது. செத்திருப்பம், தெரியுமோ? ஆனால் அதுக்கு முதலே நான் இவங்களுக்குப் போன் எடுத்திட்டன். என்ர மச்சான் முடிச்சிட்டான் எண்டு சொல்லிப்போட்டன். பள்ளிக்கூடத்தில இருந்து இண்டைக்குத்தான் உன்னைப் பற்றி நான் அப்பிடி ஒரு கதை சொன்னது. சொல்லேக்க எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்தது தெரியுமோடா? அதைத் திருப்பிப் பொய்யெண்டு சொல்ல எனக்கு ஏலாது."

அவன் கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, டொக்டர் பெயர்கூடச் சொல்லியிருக்கிறார் என்று வாதாடியிருப்பேன்.

படகைக் கரைக்கு இழுக்க எல்லோரும் கயிற்றைப் பிடித்தார்கள். நான் கடைசியில் நின்று பிடித்தேன். கல்லைக் காணாதவன், கண்ணாடி போட வேண்டியவன் என்று கேலி செய்துகொண்டே இழுத்தார்கள். எனக்கு முன்னால் நின்று மச்சானும் இழுத்தான், அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு.